கல் வீட்டு நாட்டின் சிற்பிகள்

ஆபிரிக்காவின் தென்பகுதியிலே, நாற்புறமும் நிலத்தாற் சூழப்பெற்ற நாடு சிம்பாப்வே. அங்கு வாழும் மக்களிற் பெரும்பான்மையோர் ஷோனா மொழி பேசுவோர். 'கல் வீடுகள்' எனப் பொருள்படும் ஷோனாச் சொற்றொடரிலிருந்தே நாட்டின் பெயர் பிறந்தது. சாந்து பூசாது கற்களை அடுக்கிக் கட்டப்பட்ட 'பெருஞ் சிம்பாப்வே' என்னும் பண்டை நகரின் இடிபாடுகளை இன்றும் அங்கே காணலாம். 11ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரை அந்நகர் சிறப்புற்றிருந்தது. அங்கு கிடைத்த மாக்கற் பறவைச் சிற்பத்தின் உருவமே தேசியக் கொடியை அணிசெய்கின்றது.

வெள்ளையர் ஆட்சிக் காலத்தில், ஆபிரிக்கர் இத்தகைய நகரைக் கட்டியிருக்க இயலாது என்று பலர் வாதித்தனர். 1929இல் அகழ்வாய்வு செய்த கேட்டன் தொம்சன் அம்மையார், அது ஆபிரிக்கரின் ஆக்கமே என எடுத்துக்காட்டிய பின்னரும் அவ்வாதம் ஓயவில்லை. முன்னோரின் கல்வேலைத் திறன் மறுக்கப்பட்ட அம்மண்ணிலேதான் புதியதொரு கற்சிற்பக் கலை மலர்ந்தது.

இக்கலை பண்டுதொட்டு இடையறாது வந்ததன்று. நியாங்கா மலைப்பகுதியில் விவசாய உத்தியோகத்தராக இருந்த ஜோரம் மரிகா, 1950களில் மென்கல்லைச் செதுக்கத் தொடங்கிப் பிறருக்கும் பயிற்றினார். இன்று ஹராரே எனப்படும் தலைநகரில் 1957இல் தேசியக் கலைக்கூடம் திறக்கப்பட்டது. அதன் முதற் பணிப்பாளர் பிராங்க் மக்இவன் இச்சிற்பிகளை ஊக்குவித்தார். 1971இல் இவர்களின் படைப்புகள் பாரிஸ் ரொடான் அருங்காட்சியகத்திற் காட்சிக்கு வைக்கப்பெற்றன.

1965இல் சிறுபான்மை வெள்ளையர் அரசு தன்னிச்சையாகச் சுதந்திரப் பிரகடனம் செய்ததால், உலக நாடுகள் பொருளாதாரத் தடை விதித்தன. புகையிலை வணிகம் நலிந்தது. டெங்கெனெங்கே என்னும் இடத்தில் பண்ணை வைத்திருந்த ரொம் புளோம்பீல்ட், 1966இல் அதனைச் சிற்பிகளின் குடியிருப்பாக மாற்றினார். மலாவி, மொசாம்பிக், அங்கோலா, சாம்பியா நாடுகளிலிருந்து வந்த தொழிலாளரும் அங்கே உளி பிடித்தனர். ஆகவே 'ஷோனாச் சிற்பம்' என்னும் வழக்கினும் 'சிம்பாப்வேச் சிற்பம்' என்பதே பொருத்தமானது.

இச்சிற்பங்கள் எவ்வாறு உருவாகின்றன? சர்ப்பென்டைன் வகைக் கற்களே பெரிதும் பயன்படுகின்றன. அவற்றை அலவாங்கு, பிக்காசு கொண்டு கையாலேயே அகழ்ந்தெடுப்பர். முன்மாதிரி எதுவுமின்றி, கல்லின் வடிவையும் நிறத்தையும் நோக்கியே பலர் செதுக்குவர். உளியும் சுத்தியலும் உருவம் தர, அரம் அதனைச் செப்பமிடும். பின்னர் நீர் வார்த்து அரத்தாளினால் பலமுறை தேய்ப்பர். இறுதியாகக் கல்லைச் சூடேற்றி மெழுகு பூசுவர். சாம்பல் பூத்துக் கிடந்த கல் அப்பொழுதே கருமையும் பளபளப்பும் பெறும். சிலர் கல்லின் கரடுமுரடான மேற்றோலை ஒரு பகுதியில் அப்படியே விட்டுவிடுவதும் உண்டு.

முன்னோரின் ஆவிகள், விலங்காக மாறும் மனிதர், தாயும் சேயும் ஆகியன இவர்கள் விரும்பும் பொருள்கள். பேர்னாட் மடெமேரா மூன்று விரல்களையுடைய பேருருவங்களைப் படைத்தார். ஹென்றி முன்யராட்சி வட்டக் கண்களும் சில கோடுகளுமே கொண்டு முகங்களைக் காட்டினார். நிக்கலஸ் முகொம்பெரன்வா பொலிஸ் சேவையில் இருந்தபோதே செதுக்கியவர். 2009இல் மறைந்த கொலீன் மடமோம்பே பெண்களின் உழைப்பையும் பெருமிதத்தையும் கல்லில் வடித்தார்.

இன்று சுற்றுலாச் சந்தைகளில், ஒரே உருவத்தைப் பலநூறாகப் படியெடுத்த சிறு சிலைகள் மலிந்துள்ளன. அவற்றைச் செய்தவர் பெயரை எவரும் கேட்பதில்லை. கட்டியவர் பெயரை மறுப்பதும் செதுக்கியவர் பெயரை மறப்பதும் ஏறத்தாழ ஒரே தவறுதான்.

மாணவச் செல்வங்களே! அருங்காட்சியகத்தில் ஒரு சிற்பத்தைக் காணும்போது சற்று நின்று பாருங்கள். அது என்ன கல், எந்த மண்ணிற் பிறந்தது, யார் கை செதுக்கியது எனக் கேட்டறியுங்கள். கலைஞனுக்கு நாம் செய்யும் முதல் மரியாதை அதுவே.