யானை, பங்கு, ஒரு துண்டுக் கடதாசி

1602 ஓகஸ்ட் மாதம், ஆம்ஸ்டர்டாம் நகரத்து வணிகர் ஒருவரின் வீட்டில் ஒரு கணக்குப் புத்தகம் திறந்து வைக்கப்பட்டிருந்தது. நாட்டில் குடியிருக்கும் எவரும் வந்து, தாம் போட விரும்பும் தொகையை அதில் பதியலாம். மாத முடிவில் புத்தகத்தை மூடியபோது 1,143 பேரின் பெயர்கள் இருந்தன. பெரும் வணிகர்களுக்கு நடுவே நீல்ட்கென் கொர்னெலிஸ் என்ற வீட்டுப் பணிப்பெண்ணும் 100 கில்டர் பதிந்திருந்தாள்.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி பிறந்த கதை இது. அரை நூற்றாண்டு கழித்து, 1658இல், அதே கம்பனி யாழ்ப்பாணத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியது. வன்னித் தலைவர்கள் அதற்கு யானைகளைத் திறையாகக் கொடுக்க வேண்டியிருந்தது. இன்றைய கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாக் காடுகளில் பிடிபட்ட யானைகள் வடக்கின் துறைகளிலிருந்து கப்பலேறி இந்தியாவுக்குப் போயின. அந்தக் காசும் கம்பனியின் வரவில்தான் சேர்ந்தது. வன்னிக் காட்டை ஒருநாளும் கண்டிராத ஒருவர், ஆம்ஸ்டர்டாமில் இருந்தபடியே அந்த யானையின் விலையில் பங்காளி ஆனார்.

கொள்ளையின் கதையாக இதை நாம் சரியாகவே நினைவில் வைத்திருக்கிறோம். ஆனால் இதற்குள் ஒரு பெரிய கண்டுபிடிப்பும் இருக்கிறது. ஒருவரையொருவர் அறியாத ஆயிரத்துச் சொச்சம் பேர், திரும்பி வருமா என்று தெரியாத கப்பல்களுக்காகத் தங்கள் காசை ஒன்றாகப் போட்டார்கள். உறவும் ஊரும் சாதியும் செய்ய முடியாத வேலையை, எழுத்தில் இருந்த ஓர் உரித்துச் செய்தது. இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் ஒரு மாணவி தன் கண்டுபிடிப்பைத் தொழிலாக்க நினைத்தால், அவளுக்கும் வேண்டியது அதுதான்.

பங்கு என்ற சொல் வன்னிக்கு ஒல்லாந்தர் கொண்டுவந்தது அல்ல. இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்பவர்கள் அதை ஆண்டுதோறும் பேசுகிறார்கள். காலபோகத்துக்கு மாரி மழை துணை நிற்கும். சிறுபோகத்துக்குக் குளத்தில் நிற்கும் தண்ணீர்தான் முதல். அது எல்லா வயலுக்கும் போதாது. ஆகவே கூட்டம் கூடி, இந்த முறை எத்தனை ஏக்கர் விதைப்பது, ஆருக்கு எவ்வளவு என்று முடிவு செய்கிறார்கள். கம்பனிப் பங்கும் ஏறக்குறைய இதுவே. ஒரு வித்தியாசம்: குளத்துப் பங்கில் ஏற்கெனவே நிற்கும் தண்ணீரைப் பிரிக்கிறோம், புதிய கம்பனியின் பங்கில் இன்னும் பெய்யாத மழையைப் பிரிக்கிறோம்.

ஓர் உதாரணம் எடுப்போம். 2018 டிசெம்பரில் இரணைமடு நிறைந்து வான்கதவுகள் திறக்கப்பட்டபோது, கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கிராமங்களில் வெள்ளம் புகுந்தது. குளத்தின் நீர்மட்டத்தையும் ஆறுகளின் வரத்தையும் அளந்து, கீழே குடியிருப்பவர்களின் கைபேசிக்கு முன்கூட்டியே சொல்லும் ஒரு கருவியை இரண்டு மாணவர்கள் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். செய்வதற்கான அறிவு இங்கேயே இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழினுட்ப பீடங்கள் அறிவியல் நகரில் இயங்குகின்றன. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாகியது. முதல் கருவி வேலை செய்கிறது. நூறு கருவி செய்யக் காசு வேண்டும்.

வங்கி அடுத்த மாதமே தவணை கேட்கும். இந்தக் கருவி வருமானம் தர மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகலாம். ஒருபோதும் தராமலும் போகலாம். கடன் இதற்குப் பொருந்தாது. பங்கு பொருந்தும். இரண்டு மாணவர்களிடமும் ஆளுக்கு 500 பங்கு, மொத்தம் 1,000. கம்பனியின் பெறுமதி 80 இலட்சம் ரூபாய் என்று ஒருவர் ஒத்துக்கொண்டு 20 இலட்சம் போடுகிறார். அவருக்குப் புதிதாக 250 பங்கு. இப்போது மொத்தம் 1,250. ஒவ்வொரு மாணவரின் உரித்தும் 50 வீதத்திலிருந்து 40 வீதமாகக் குறைகிறது. ஆனால் அவர்கள் வைத்திருக்கும் 500 பங்கில் ஒன்றும் குறையவில்லை. அந்தப் பங்கு நிற்கும் கம்பனியிடம் இப்போது 20 இலட்சம் இருக்கிறது. தோற்றால் முதலீட்டாளரின் காசு போகும். மாணவரின் வீட்டு முற்றத்துக்கு எவரும் கடன் கேட்டு வரமுடியாது.

அதற்குக் காரணம் ஒரு சப்பாத்துக்காரர். ஆரன் சாலமன் என்பவர் இலண்டனில் சப்பாத்துத் தொழிலைக் கம்பனியாக மாற்றினார், அது நொடிந்தது. கம்பனி வேறு, சாலமன் வேறா என்று கடன்காரர் தரப்புக் கேட்டது. ஆம், வேறுதான் என்று பிரித்தானியப் பிரபுக்கள் சபை 1896இல் தீர்ப்பளித்தது. பதிவு செய்த கணத்தில் ஒரு கம்பனி தனி ஆளாகிறது. அதற்குச் சொந்தமாகச் சொத்தும் கடனும் உண்டு. இலங்கையின் 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டமும் இதே அடித்தளத்தில் நிற்கிறது. ஒரே ஒரு பங்குதாரர் இருந்தாலும் அது கம்பனியைப் பதிய இடம் தருகிறது.

சட்டம் இவ்வளவு வழி விட்டும் வன்னியில் ஏன் வழி அடைபடுகிறது? முதல் முட்டு காணி. முதலீட்டாளர் வருமுன் முதல் காசு வீட்டிலிருந்துதான் வரவேண்டும். வீட்டுக்காரர் வங்கிக்குப் போனால் பிணை கேட்பார்கள். குளங்களின் கீழ் குடியேறிய பெருந்தொகையானோரிடம் இருப்பது உறுதி அல்ல. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரம். தலைமுறை தலைமுறையாக உழுதாலும் அந்தக் காணியை விரும்பியபடி விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. உறுதி வைத்திருந்தவர்களிலும் பலர் இடம்பெயர்வில் அதைத் தொலைத்தார்கள்.

இரண்டாவது முட்டு பெண்களுக்கு மட்டும் உரியது. வடக்குத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையை ஒல்லாந்தக் கம்பனி 1707இல் தொகுத்து எழுதுவித்தது. அந்த மரபில் வந்த 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சீதனக் காணியைக்கூடக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. கணவன் எங்கே என்று தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்றம் போகவேண்டும். போர் முடிந்த 2009இன் பின் வன்னியில் இதன் பொருள் என்ன என்பதை விளக்கத் தேவையில்லை. ஒரு பணிப்பெண்ணின் 100 கில்டரை ஏற்ற அதே கம்பனி எழுதுவித்த சட்டத்தின் நிழல், இன்றும் ஒரு வன்னிப் பெண்ணின் மூலதனத்தை மறிக்கிறது. இது மாறியே ஆகவேண்டும்.

மூன்றாவது முட்டு, அன்போடு வரும் காசு. ரொறன்ரோவில் இருக்கும் மாமா, 'நல்ல வேலை செய்யிறியள், நான் தாறன்' என்று உண்டியலில் அனுப்புகிறார். அது கடனா, அன்பளிப்பா, பங்கா? எங்கும் எழுத்தில்லை. இலங்கையின் 2017ஆம் ஆண்டு வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் ஏற்பாட்டில், வெளிநாட்டில் வாழ்பவர் இங்கே பங்கு வாங்க வங்கியில் உள்முக முதலீட்டுக் கணக்கு ஒன்றைத் திறந்து அதன் வழியே காசு கொண்டுவரவேண்டும். அப்படி வந்தால் இலாபத்தையும் பங்கை விற்ற காசையும் அதே வழியில் திருப்பி எடுக்கலாம். உண்டியலில் வந்த காசுக்கு அந்தக் கதவு இல்லை. ஐந்து ஆண்டு கழித்துப் பெரிய முதலீட்டாளர் ஒருவர் வந்து கணக்கைப் புரட்டும்போது, மாமாவின் நல்ல மனமே கம்பனியின் பெரிய சிக்கலாக நிற்கும்.

இந்த முட்டுகள் வன்னிக்கு மட்டும் வந்தவை அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 27 நாடுகள். கம்பனிச் சட்டமும் 27 விதம். ஜேர்மனியில் வழமையான தனியார் கம்பனி ஒன்றுக்கு 25,000 யூரோ மூலதனமும் நொத்தாரிசு முன் கையொப்பமும் வேண்டும். எல்லை தாண்டினால் எல்லாம் புதிதாகத் தொடங்கும். மாரியோ திராகி 2024இல் ஐரோப்பிய ஆணையத்துக்குக் கொடுத்த அறிக்கை, 2008 முதல் 2021 வரை அங்கே தொடங்கி நூறு கோடி டொலர் பெறுமதியை எட்டிய 147 நிறுவனங்களில் 40 தம் தலைமையகத்தை வெளிநாட்டுக்கு மாற்றிவிட்டன என்கிறது. பெரும்பாலானவை போன இடம் அமெரிக்கா. அறிவும் காசும் நிறைந்த கண்டத்திலும், நம்பிக்கை எல்லையில் நின்றுவிடுகிறது. அதனால்தான் 27 சட்டங்களுக்கு மேலாக, விரும்பியவர் தெரிந்தெடுக்கக்கூடிய 28ஆவது சட்டம் ஒன்றை அங்கே கேட்கிறார்கள்.

தமிழ்நாடு இரண்டு பாதைகளைக் காட்டியிருக்கிறது. 2010இல் சென்னையில் பிறந்த பிரெஷ்வொர்க்ஸ், அமெரிக்காவின் டெலவெயர் மாநிலத்துக் கம்பனியாக 2021இல் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போனது. முதலீட்டாளர்கள் டெலவெயரைக் கேட்பதற்குக் காரணம் உண்டு: தகராறு வந்தால் என்ன தீர்ப்பு வரும் என்று அங்கே முன்பே ஊகிக்கலாம். 1996இல் தொடங்கிய ஸோஹோ மறுபாதையில் போனது. வெளி முதலீடு வாங்காமல், விற்ற காசிலேயே வளர்ந்து, தென்காசிப் பக்கக் கிராமம் வரை அலுவலகம் கொண்டுபோனது. வன்னிக்கு முதல் பாதை கடினம். வெளிநாட்டில் பங்கு வைத்திருக்க விரும்பும் இலங்கையருக்கான செலாவணி வரம்புகள் பொருளாதார நெருக்கடிக் காலத்தில் இறுகின. இரண்டாவது பாதைக்குப் பொறுமையும், முதல் நாளிலேயே காசு கொடுக்கும் வாடிக்கையாளரும் வேண்டும்.

எந்தப் பாதையானாலும் முதல் அடி ஒன்றே. கருவியின் வடிவமும் அதன் மென்பொருளும் நண்பர்களுக்குச் சொந்தமா, கம்பனிக்குச் சொந்தமா என்று எழுதவேண்டும். ஒருவர் ஆறு மாதத்தில் கனடாவுக்குப் போய்விட்டால் அவருடைய 500 பங்கும் அவரோடு போகுமா, அல்லது நான்கு ஆண்டுகளில் உழைக்க உழைக்கத்தான் உரித்தாகுமா என்று எழுதவேண்டும். உறவு கெடும் என்று அஞ்சி எழுதாமல் விடுபவர்கள் அதிகம். ஆனால் சிறுபோகக் கூட்டத்தில் ஏக்கர் கணக்கை எழுதி வைப்பது அயலவரை நம்பாததால் அல்ல. தண்ணீர் குறையும் நாளிலும் அயலவராகவே இருப்பதற்காக.

கம்பனிகள் சட்டப்படி ஒவ்வொரு கம்பனியும் ஒரு பங்குப் பதிவேடு வைத்திருக்கவேண்டும். அறிவியல் நகரில் ஒரு வாடகை அறையில் அந்த மாணவியின் மேசையில் அது இருக்கும். முதல் வரியில் அவள் பெயர், அடுத்தது நண்பரின் பெயர், மூன்றாவது ரொறன்ரோ மாமா. நான்காவது வரியில், அவள் ஒருநாளும் கண்டிராத, இரணைமடுவை ஒருநாளும் கண்டிராத ஒருவரின் பெயர் எழுதப்படலாம். இந்த முறை வன்னியிலிருந்து போவது யானை அல்ல. புத்தகமும் வன்னியின் கையிலேயே இருக்கும்.