போர்தோ சிவப்பு வைன் கலவை

போர்தோ கலவை என்பது, ஒன்றுக்கு மேற்பட்ட கருந்திராட்சை வகைகளிலிருந்து தனித்தனியே தயாரிக்கப்பட்ட வைன்களைக் கலந்து பெறப்படும் சிவப்பு வைன் ஆகும். பிரான்சின் தென்மேற்கில் உள்ள போர்தோ பகுதி இதன் பிறப்பிடம். காபர்னே சோவின்யான், மெர்லோ ஆகியவை இதன் முதன்மை வகைகள். காபர்னே பிரான், பெட்டி வெர்டோ, மால்பெக், கார்மெனேர் ஆகியவை பெரும்பாலும் சிறிய அளவில் சேர்க்கப்படுகின்றன. உலகின் விலை உயர்ந்த வைன்கள் பல இவ்வகையைச் சேர்ந்தவை.

கலப்பதற்கான காரணம்

போர்தோ, அத்திலாந்திக்குப் பெருங்கடலுக்கு அருகில் அமைந்துள்ளது. இளவேனிலில் உறைபனியும் அறுவடைக் காலத்தில் மழையும் அங்கு நேரக்கூடியவை. மெர்லோ முன்னதாகத் துளிர்த்து முன்னதாகப் பழுக்கும். காபர்னே சோவின்யான் பிந்திப் பழுக்கும். எனவே ஒரே உறைபனியோ ஒரே மழையோ இரண்டையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. இவ்வாறு, கலவை என்பது சுவைக்கான ஏற்பாடு மட்டுமன்றி, உழவருக்குப் பயிர்க்காப்பீடு போலவும் அமைந்தது.

மண்ணும் இதில் பங்கு கொள்கிறது. சிரோந்து கழிமுகத்தின் இடக்கரையில் உள்ள மெடோக் பகுதியின் சரளைக்கல் நிலம் நீரை விரைவில் வடித்து வெப்பத்தைத் தேக்கி வைப்பதால், அங்கு காபர்னே சோவின்யான் நன்கு பழுக்கிறது. வலக்கரையின் பொமெரோல், சென் எமிலியோன் பகுதிகளில் களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் மிகுந்திருப்பதால் மெர்லோ முதன்மை பெறுகிறது.

ஒவ்வொரு வகையின் பங்கு

காபர்னே சோவின்யானின் பழங்கள் சிறியவை, தோல் தடித்தது. டானின் எனும் துவர்ப்புப் பொருளும் நிறமும் தோலில் மிகுதியாக உள்ளதால், இதன் வைன் உறுதியானதாகவும் நெடுநாள் நிற்பதாகவும் இருக்கும். இளமையில் கடுமையாகத் தோன்றும் இதனை, பிளம் பழச் சாயலுடைய மெர்லோ மென்மையாக்குகிறது. காபர்னே பிரான் நறுமணத்தையும், பெட்டி வெர்டோ அடர்நிறத்தையும் காரமான மணத்தையும் தருகின்றன.

1997 ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆய்வு, காபர்னே சோவின்யான் என்பது காபர்னே பிரான், சோவின்யான் பிளாங்க் ஆகியவற்றின் இயற்கையான கலப்பில் தோன்றியது என நிறுவியது. மெர்லோவும் காபர்னே பிரானின் வழித்தோன்றலே என்பது பின்னர் அறியப்பட்டது.

தயாரிப்பு

ஒவ்வொரு வகையும் தனித்தனியே அறுவடை செய்யப்பட்டு, தோலுடன் நொதிக்க வைக்கப்படுகிறது. பின்னர் வைன்களைச் சுவைத்து, அவ்வாண்டின் விளைச்சலுக்கேற்பக் கலவை விகிதம் முடிவு செய்யப்படும். ஆகவே ஒரே தோட்டத்தின் வைனிலும் இவ்விகிதம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். உயர்தர வைன்கள் 225 லிட்டர் கொள்ளளவுள்ள ஓக் மரப் பீப்பாய்களில் ஓராண்டு அல்லது அதற்கு மேல் முதிர்விக்கப்படுகின்றன.

சுவைத்தல்

இவ்வைன் பொதுவாக 16 முதல் 18 பாகை செல்சியசில் பரிமாறப்படுகிறது. வெப்பம் மிகுந்தால் ஆல்ககாலின் நெடி மேலோங்கும். குளிர் மிகுந்தால் துவர்ப்பு கூடும். டானின் உமிழ்நீரின் புரதங்களுடன் இணைவதே நாவில் துவர்ப்பாக உணரப்படுகிறது. புரதமும் கொழுப்பும் உள்ள இறைச்சி, பாலாடைக்கட்டி ஆகியவற்றுடன் அருந்தும்போது இது குறைகிறது.

இளம் வைனில் பிளாக்கரன்ட் பழம், தேவதாரு மரம் ஆகியவற்றின் மணம் தெரியும். ஆண்டுகள் செல்லச் செல்ல டானின் மென்மையடைந்து ஒரு பகுதி வண்டலாகப் படியும். புகையிலை, தோல், ஈரமண் போன்ற மணங்கள் தோன்றும். பழைய வைனை வண்டல் கலவாமல் வேறு கலத்திற்கு இறுத்த பின்னரே பரிமாறுவர்.

மாறிவரும் கலவை

இக்கலவை என்றும் ஒரே நிலையில் இருந்ததில்லை. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிலாக்சரா எனும் வேர்ப்பூச்சி தாக்கிய பின்னர், கார்மெனேர் போர்தோவிலிருந்து ஏறத்தாழ மறைந்தது. சிலியில் மெர்லோ என்று கருதி வளர்க்கப்பட்ட கொடிகளிடையே 1994 இல் அது அடையாளம் காணப்பட்டது. 1956 பெப்ரவரியின் கடுங்குளிரில் பெருமளவு மால்பெக் கொடிகள் அழிந்தன.

இன்று வெப்பநிலை உயர்வால் மெர்லோ மிக விரைவில் பழுக்கிறது. இதனால் சர்க்கரையும் அதிலிருந்து உருவாகும் ஆல்ககாலும் கூடி, புளிப்பு குறைகிறது. இதனை எதிர்கொள்ள, போர்த்துகல்லின் தூரிகா நாசியோனால் உட்பட நான்கு புதிய கருந்திராட்சை வகைகளுக்கு 2021 இல் அனுமதி அளிக்கப்பட்டது. இவை கலவையில் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. குளிருக்கும் மழைக்கும் காப்பாக அமைந்த கலவை முறையே இப்போது வெப்பத்திற்கும் காப்பாகப் பயன்படுத்தப்படுவது குறிப்பிடத்தக்கது.