கரும்புக்குள் இருக்கும் நாணல்

பாகூர், வில்லியனூர் பக்கம் கரும்பு போடுபவர்களுக்கு நாணல் ஒரு தொல்லை. ஆனால் நம் கரும்பு வறட்சி தாங்குவதற்கும், மறுதாம்பு நன்றாகத் தழைப்பதற்கும் அந்த நாணலே முக்கியக் காரணம்.

1912-ல் தொடங்கிய கோவை கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் பார்பரும் டி.எஸ்.வெங்கட்ராமனும் தடித்த கரும்பை நாணலோடு இனம் சேர்த்தார்கள். அப்படிப் பிறந்த கோ 205 ரகம் 1918-ல் வெளிவந்தது. 1930-களில் அங்கு பணியாற்றிய ஜானகி அம்மாள், கரும்பின் குரோமோசோம்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார்.

பரம்பரைக் குணங்களைச் சுமப்பவை குரோமோசோம்கள். தடித்த கரும்பில் அவை 80; கோவை நாணலில் 64. பாதிப் பாதி சேர்ந்தால் 72 வர வேண்டும். கோ 205-ல் இருப்பதோ 112! தாய்க் கரும்பு தன் 80-ஐயும் அப்படியே கொடுத்தது. நாணல் 32 தந்தது. அந்தக் கலப்பை மறுபடி மறுபடி கரும்போடு சேர்த்துத்தான் இனிப்பை மீட்டார்கள்.

இன்று குரோமோசோம்களில் நிறமேற்றிப் பார்த்தால், கரும்பின் பங்கும் நாணலின் பங்கும் தனித்தனி நிறத்தில் தெரிகின்றன. இப்போதைய ரகங்களில் சுமார் 10 முதல் 20 சதவீதம் நாணலுடையது.

நாணலும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. இடத்துக்கு இடம் குரோமோசோம் 40 முதல் 128 வரை மாறும். எனவே வயலில் முளைத்தால் களையெடுங்கள். ஆற்றங்கரையில் நிற்பதைக் கொளுத்தாதீர்கள். நாளை வரும் நோயைத் தாங்கும் குணம் அதில் இருக்கலாம்.