வீட்டு வாசலில் ஒரு போராட்டம்

லோரெய்ன் ஹான்ஸ்பெரி அம்மையாரின் நாடக வாழ்க்கை

நியூயார்க் நகரத்தில் பிராட்வே என்று ஒரு வீதி இருக்கிறது. அமெரிக்காவில் நாடகம் எழுதுகிறவர்களும் நடிக்கிறவர்களும் அவ்வீதியைச் சார்ந்த அரங்குகளில் ஒரு முறை ஏறிவிட்டால் பிறவிப் பயன் எய்தியதாகக் கருதுவர். 1959-ம் வருஷம் மார்ச் மாதம் 11-ந் தேதி அங்குள்ள எதெல் பாரிமோர் அரங்கில் ஒரு புதிய நாடகம் அரங்கேறிற்று. அதை எழுதியவர் இருபத்தெட்டு வயதுள்ள ஒரு கறுப்பினப் பெண்மணி. அதற்கு முன் கறுப்பினப் பெண் ஒருவர் எழுதிய நாடகம் எதுவும் பிராட்வேயில் நடைபெற்றதில்லை. லோரெய்ன் ஹான்ஸ்பெரி என்பது அவர் பெயர். நாடகத்தின் பெயர் 'வெயிலில் ஓர் உலர் திராட்சை'. லாங்ஸ்டன் ஹியூஸ் என்ற கறுப்பினக் கவியின் செய்யுள் ஒன்றிலிருந்து எடுத்த தொடர் அது.

நாடகம் 530 முறை நடைபெற்றது. நியூயார்க் நாடக விமர்சகர்கள் அவ்வருஷத்தின் சிறந்த நாடகம் என்று அதற்குப் பரிசளித்தார்கள். அப்பரிசைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. அதைப் பெற்ற அமெரிக்கர்களுள் அதுவரை வயதில் மிக இளையவரும் அவரே. சிகாகோவில் நெருக்கடியான வாடகை வீட்டில் வாழும் ஒரு கறுப்பினக் குடும்பம், பல இடையூறுகளுக்குப் பிறகு, வெள்ளையர் வசிக்கும் பகுதியில் தான் வாங்கிய சொந்த வீட்டுக்குப் புறப்படுகிறது. அத்துடன் திரை விழுகிறது. சுபமான முடிவு என்று ரஸிகர்கள் மகிழ்ந்தார்கள். ஆசிரியை மட்டும் அவ்வாறு எண்ணவில்லை. அத்தகைய வீட்டுக்குக் குடிபோகிறவர்களுக்குப் பிறகு என்ன நேர்கிறது என்பதை அவர் சிறு பிராயத்திலேயே கண்டிருந்தார்.

கிரயப் பத்திரத்தில் ஒரு ஷரத்து

லோரெய்ன் 1930-ம் வருஷம் மே மாதம் 19-ந் தேதி சிகாகோவில் பிறந்தார். தகப்பனார் கார்ல் ஹான்ஸ்பெரி, மிஸிஸிப்பி ராஜ்யத்திலிருந்து வந்து சிகாகோவில் நிலம், வீடு வியாபாரத்தால் செல்வரானவர். தென் ராஜ்யங்களிலிருந்து கறுப்பின மக்கள் ஆயிரக்கணக்கில் அந்நகருக்கு வந்து குவிந்த காலம் அது. பெரிய வீடுகளைச் சிறு சிறு அறைகளாகத் தடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு அடுப்படி வைத்து, அவர் வாடகைக்கு விட்டார். அத்தகைய குடித்தனத்தின் அவதியைத்தான் பிற்காலத்தில் அவர் மகள் மேடையில் காட்டினார் என்பது கவனிக்கத்தக்கது.

வருமானம் பெருகியும் ஹான்ஸ்பெரி குடும்பம் விரும்பிய இடத்தில் வசிக்க முடியவில்லை. ஒரு பகுதியிலுள்ள வெள்ளைக்காரச் சொந்தக்காரர்கள் ஒன்றுகூடி, தங்கள் வீடுகளைக் கறுப்பினத்தவருக்கு விற்பதில்லை, வாடகைக்கும் விடுவதில்லை என்று உடன்படிக்கை எழுதிப் பதிவு செய்துகொள்வது அக்காலத்து வழக்கம். ஒருவர் உடன்படிக்கையை மீறினால் மற்றவர்கள் நியாயஸ்தலத்துக்குச் செல்லலாம். கோர்ட்டும் வாங்கியவரை வெளியேற்ற உத்தரவு போடும். பூட்டும் காவலும் இல்லாமலே ஒரு சமூகத்தை நகரின் ஒரு மூலையில் அடைத்து வைக்க இந்தக் காகிதம் போதுமானதாயிருந்தது. அந்த மூலைக்குள் வீட்டுக்குப் போட்டி அதிகமாகவே, வசதி குறைந்த வீட்டுக்கும் வாடகை ஏறிற்று.

1937-ல் கார்ல் ஹான்ஸ்பெரி அத்தகைய பகுதி ஒன்றில், ரோட்ஸ் அவென்யூவில், 6140-ம் இலக்கமுள்ள வீட்டை வாங்கிக் குடியேறினார். வீட்டின் முன் வெள்ளையர் கூட்டம் கூடிற்று. ஜன்னல் வழியே எறியப்பட்ட கல் ஒன்று சிறுமி லோரெய்னின் தலையில் படாமல் மயிரிழையில் தப்பியது. பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் அவர்மீது துப்பினார்கள்; வசை பாடினார்கள்; அடித்தார்கள். தகப்பனார் வழக்கு விஷயமாக வெளியூரில் இருந்த இரவுகளில், தாயார் குண்டு போட்ட கைத்துப்பாக்கியுடன் குழந்தைகளுக்குக் காவலாக வீட்டைச் சுற்றி வந்தார்.

இல்லினாய் ராஜ்யத்து நியாயஸ்தலங்கள் அவர்களை வெளியேறச் சொல்லித் தீர்ப்பளித்தன. கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்காக உழைத்து வந்த தேசியச் சங்கத்து வக்கீல்களின் உதவியுடன் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றது. 1940-ம் வருஷம் நவம்பர் 12-ந் தேதி கார்ல் ஹான்ஸ்பெரிக்குச் சாதகமாகத் தீர்ப்பாயிற்று. ஆனால் எந்த ஆதாரத்தின் மேல்? அப்பகுதிச் சொத்துக்களில் நூற்றுக்கு 95 பாகத்துக்குச் சொந்தக்காரர்கள் கையெழுத்திட்டால்தான் உடன்படிக்கை செல்லும் என்பது அதன் ஷரத்து. உண்மையில் 54 பாகத்துக்குத்தான் கையெழுத்து இருந்தது. ஆயினும் முந்திய வழக்கொன்றில் 95 பாகம் கையெழுத்தானதாக இரு கட்சியாரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அந்த வழக்கில் சம்பந்தப்படாதவர்களை அத்தீர்ப்பு கட்டுப்படுத்தாது என்றுதான் சுப்ரீம் கோர்ட்டு கூறிற்று. நிறத்தைக் காரணமாக வைத்து ஒருவருக்கு வீடு மறுப்பது முறையா என்ற கேள்வியை அது தொடவில்லை. இத்தகைய உடன்படிக்கைகளைக் கோர்ட்டுகள் நிறைவேற்றிக் கொடுக்கலாகாது என்ற தீர்ப்பு 1948-ல்தான் வேறொரு வழக்கில் வந்தது.

அதைக் காண கார்ல் ஹான்ஸ்பெரி இருக்கவில்லை. கைப்பொருளில் பெரும் பகுதியை வழக்கில் செலவிட்டு, ஜயித்த பிறகும் தம் நாட்டில் மதிப்புடன் வாழ முடியாதென்று மனம் கசந்து, மெக்ஸிகோவில் குடியேற ஏற்பாடு செய்துகொண்டிருக்கையில் 1946-ல் அங்கேயே காலமானார். சட்டத்தை நம்பியவரின் முடிவு இது என்பதை மகள் என்றும் மறக்கவில்லை.

பத்திரிகையிலிருந்து மேடைக்கு

விஸ்கான்ஸின் சர்வகலாசாலையில் படிக்கும்போது லோரெய்ன் ஒரு நாள் ஷான் ஓகேஸியின் 'ஜூனோவும் மயிலும்' என்ற நாடகத்தின் ஒத்திகையைக் காண நேர்ந்தது. டப்ளின் நகரத்து ஏழைக் குடித்தனம் ஒன்றின் கதை அது. ஐரிஷ் மக்களின் குறைகளை மறைக்காமலே அவர்களுடைய மேன்மையை ஓகேஸி காட்டியிருந்த முறை அவர் உள்ளத்தில் பதிந்தது. தம் மக்களையும் அவ்வாறே எழுதவேண்டும் என்ற எண்ணம் அங்கே முளைத்தது.

1950-ல் படிப்பை விட்டு நியூயார்க் வந்தார். பிரபல பாடகரும் நடிகருமான பால் ராப்ஸன் ஆரம்பித்த 'சுதந்திரம்' என்னும் பத்திரிகையில் சேர்ந்தார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் குறைகளோடு ஆப்பிரிக்க நாடுகளின் விடுதலைக் கிளர்ச்சிகளையும் பற்றி எழுதினார். 1952-ல், ராப்ஸனின் பாஸ்போர்ட்டை அரசாங்கம் பறித்துக்கொண்டிருந்ததால், தென் அமெரிக்காவில் மாண்டிவிடியோ நகரில் நடந்த சமாதான மகாநாட்டுக்கு அவருக்குப் பதிலாகச் சென்று பேசினார். திரும்பியதும் அவருடைய பாஸ்போர்ட்டும் பறிபோயிற்று. 1953-ல் ராபர்ட் நெமிராஃப் என்ற யூத எழுத்தாளரை மணந்தார். கணவர் இயற்றிய பாட்டு ஒன்று 1956-ல் பிரசித்தியடைந்து பணம் கொடுக்கவே, சில்லறை வேலைகளை விட்டு முழு நேரமும் எழுதும் வசதி கிட்டியது.

பதினாயிரம் டாலர்

அவ்வாறு எழுதப்பட்ட நாடகத்தின் கதை எளியது. யங்கர் குடும்பத்தின் தலைவர் இறந்துவிட, இன்ஷூரன்ஸ் தொகை பதினாயிரம் டாலர் வருகிறது. மகன் வால்ட்டர் ஒரு வெள்ளைக்காரருக்குக் கார் ஓட்டுகிறவன். அப்பணத்தைக் கொண்டு சாராயக் கடை வைக்க ஆசைப்படுகிறான். மகள் பெனீதா வைத்தியம் படிக்க விரும்புகிறாள். பேரன் டிராவிஸுக்குப் படுக்க அறையில்லை. கூடத்து ஸோபாவில் தூங்குகிறான். தாய் லீனா 3,500 டாலரை முன்பணமாகக் கட்டி, கிளைபோர்ன் பார்க் என்ற வெள்ளையர் பகுதியில் ஒரு வீடு வாங்குகிறாள். வெள்ளையர் நடுவில் வாழவேண்டும் என்ற ஆசையினாலல்ல. கறுப்பின மக்களுக்கென்று கட்டிய வீடுகளுக்கு இரட்டிப்பு விலை கேட்கிறார்கள் என்பதனால்தான். மீதிப் பணத்தை வால்ட்டர் ஒரு கூட்டாளியை நம்பிக் கொடுத்து இழக்கிறான்.

இதனிடையே கிளைபோர்ன் பார்க்கிலிருந்து லிண்ட்னர் என்பவர் வருகிறார். அவர் கூச்சலிடவில்லை, மிரட்டவில்லை. மரியாதையாக அமர்ந்து, ஒவ்வொருவரும் தம்மவரோடு வாழ்வதே எல்லோருக்கும் நல்லதென்று உபதேசித்து, கொடுத்த விலைக்கு மேலேயே தருகிறோம், வீட்டை எங்களுக்கே விற்றுவிடுங்கள் என்கிறார். பணத்தை இழந்த வால்ட்டர் முதலில் அதற்கு இணங்க நினைக்கிறான். ஆனால் தன் சிறு மகன் எதிரில் நிற்க, அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வரவில்லை. தகப்பனார் உழைத்துத் தேடிய வீட்டுக்கு நாங்கள் குடிவருகிறோம் என்கிறான். நாடகத்தின் உயிர் இந்த இடத்தில் இருக்கிறது. பணம் தொலைந்த பிறகே அவன் மனிதனாகிறான்.

பெனீதாவைத் தேடி வரும் நைஜீரிய மாணவன் அஸகாய் தன் தேசத்தின் விடுதலையைப் பற்றிப் பேசுகிறான். ஆப்பிரிக்காவைக் காட்டுமிராண்டி நாடாகவே சித்திரித்து வந்த அமெரிக்க மேடையில் கல்வியும் கம்பீரமும் உடைய ஓர் ஆப்பிரிக்கனை நிறுத்தியது புதுமை. லோரெய்னின் பெரியப்பா லியோ ஹான்ஸ்பெரி ஆப்பிரிக்க சரித்திரத்தைப் போதித்த பேராசிரியர். வித்து அவரிடமிருந்து வந்திருக்கலாம். நாடகம் அரங்கேறிய மறுவருஷம் நைஜீரியா சுதந்திரம் அடைந்தது.

பக்கத்துக் குடித்தனக்காரி ஒருத்தி, வெள்ளையர் பகுதியில் குடியேறிய கறுப்பினக் குடும்பத்தின் வீட்டில் வெடிகுண்டு எறியப்பட்ட செய்தியைப் பத்திரிகையில் காட்டும் காட்சி ஒன்று மூல நாடகத்தில் உண்டு. நாடகம் நீண்டுவிட்டதென்று 1959-ல் அதை நீக்கிவிட்டார்கள். ரஸிகர்கள் கண்ட முடிவு அவ்வளவு சுபமாகத் தோன்றியதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

கேட்க விரும்பாத குரல்

கைதட்டியவர்கள் அவருடைய அடுத்த வார்த்தையைக் கேட்க அவ்வளவு ஆவல் காட்டவில்லை. உள்நாட்டு யுத்தத்தின் நூற்றாண்டையொட்டி ஒரு டெலிவிஷன் ஸ்தாபனம் அவரை எழுதச் சொன்னது. அடிமை முறையின் கொடுமையை உள்ளபடி காட்டி 1960-ல் அவர் எழுதிக் கொடுத்த நாடகம் ஒளிபரப்பப்படவே இல்லை. 1961-ல் வெளிவந்த சினிமாவுக்காக அவர் புதிதாக எழுதிய காட்சிகளில் பல விடுபட்டன. இதற்கிடையே அரசாங்கத்தின் ரகசியப் போலீஸ் இலாகா அவரைப் பற்றிய தஸ்தாவேஜுகளைச் சேர்த்துக்கொண்டே வந்தது.

1963-ம் வருஷம் மே மாதம் 24-ந் தேதி, அட்டர்னி ஜெனரல் ராபர்ட் கென்னடி கறுப்பின எழுத்தாளர்களையும் கலைஞர்களையும் நியூயார்க்கில் சந்தித்தார். தென் ராஜ்யங்களில் அடிபட்டுச் சிறை சென்ற ஜெரோம் ஸ்மித் என்ற இளைஞர் ஆவேசமாகப் பேசினார். கென்னடி மற்றவர்கள் பக்கம் திரும்பவே, நீங்கள் செவி கொடுக்கவேண்டியது இந்த இளைஞருக்குத்தான் என்று லோரெய்ன் கண்டித்தார். பலன் இல்லையென்று கண்டு எழுந்து விடைபெற்று வெளியேறினார்.

1964-ல், சாலை மறியல் போன்ற முறைகள் வேண்டாம், சட்டத்தின் வழியே செல்லுங்கள் என்ற உபதேசம் நாற்புறமும் கேட்டபோது, நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். தம் தகப்பனாரின் வழக்கையும், தாயாரின் இரவுக் காவலையும், மெக்ஸிகோவில் நேர்ந்த மரணத்தையும் அதில் எடுத்துரைத்தார். சட்டத்தின் வழியை முற்றிலும் நடந்து பார்த்த குடும்பத்தின் வாக்குமூலம் அது. பத்திரிகை அதை வெளியிடவில்லை.

அவ்வருஷம் அக்டோபர் மாதம் அவருடைய இரண்டாவது நாடகம் 'ஸிட்னி பிரஸ்டீனின் ஜன்னலிலுள்ள பலகை' பிராட்வேயில் ஏறிற்று. அதன் கதாநாயகன் ஒரு யூத அறிவாளி. கறுப்பினப் பெண் கறுப்பினக் குடும்பத்தைப் பற்றியே எழுதவேண்டும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அது பிடிபடவில்லை. நாடகத்தை நிறுத்தவிடாமல் கலைஞர்கள் பலர் பணம் திரட்டி உதவினார்கள். 101 முறை நடந்து, ஆசிரியையின் கடைசி நாட்களிலேயே அது நின்றது. புற்றுநோயால் வருந்திய லோரெய்ன் 1965-ம் வருஷம் ஜனவரி மாதம் 12-ந் தேதி முப்பத்து நான்காம் வயதில் காலமானார்.

திரை விழுந்த பிறகு

அவர் விட்டுச் சென்ற கையெழுத்துப் பிரதிகளை நெமிராஃப் தொகுத்து வெளியிட்டார். ஆப்பிரிக்காவின் விடுதலைப் போராட்டத்தைப் பொருளாகக் கொண்ட 'வெள்ளையர்' என்ற நாடகம் 1970-ல் மேடையேறிற்று. முதல் நாடகம் 1973-ல் இசை நாடகமாயிற்று. அதில் வெட்டப்பட்ட காட்சியும் பிற்காலப் பதிப்புகளில் மீண்டும் சேர்ந்தது. கல்லெறியப்பட்ட ரோட்ஸ் அவென்யூ வீட்டைச் சிகாகோ நகரசபை 2010-ல் நினைவுச் சின்னமாக அறிவித்தது. அதே ஆண்டு, யங்கர் குடும்பம் வாங்கிய வீட்டையே களமாகக் கொண்டு புரூஸ் நாரிஸ் என்ற வெள்ளைக்கார ஆசிரியர் எழுதிய நாடகம் நியூயார்க்கில் அரங்கேறி, 2011-ல் புலிட்ஸர் பரிசு பெற்றது. அரை நூற்றாண்டு கழித்தும் அவ்வீட்டு வாசலில் வழக்கு ஓயவில்லை என்பதே அந்நாடகத்தின் பொருள்.

ஒரு கதவு திறந்துவிட்டால் போராட்டம் முடிந்ததென்று எண்ணுவது வெளியே நின்று பார்ப்பவர்களுக்கு எளிது. உள்ளே போய் வாழவேண்டியவர்களுக்கு அன்றுதான் அது ஆரம்பமாகிறது. யங்கர் குடும்பத்தின் கடைசிக் காட்சியைப் படிக்கிறவர்கள், அன்றிரவு அப்புதிய வீட்டில் யார் விழித்திருந்து காவல் காத்திருப்பார் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். ரோட்ஸ் அவென்யூவில் அந்தக் காவலிருந்தவர் லோரெய்னின் தாயார்.