மலையும் காம்பராவும் – 11: பேர்

2025 நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை இலங்கைப் பாராளுமன்றத்தில் வரவு செலவுத் திட்டம் வாசித்தார்கள். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் சனவரி தொடக்கம் 1,350இலிருந்து 1,550 ரூபாயாகும், அதற்கு மேல் வேலைக்கு வந்த நாளுக்கு அரசாங்கம் 200 ரூபாய் கொடுக்கும் என்று அறிவிப்பு. ஞாயிற்றுக்கிழமை எட்டியாந்தோட்டைப் பக்கம் நான் பிறந்த தோட்டத்துக்குப் போயிருந்தேன். கோயிலடியில் செருப்பைக் கழற்றுவதற்குள் ஓர் அக்கா கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், போன்ல கணக்குப் போட்டுச் சொல்லுங்க. தையில எனக்கு அம்பது முடியுது. நிக்கவா, போகவா?"

நாளெல்லாம் சரிவில் காலூன்றி நிற்கிறவர்கள் வேலையை விட்டு வீட்டில் உட்காருவதைத்தான் எங்கள் ஆட்கள் 'நிக்கிறது' என்பார்கள். "அவங்க நின்னுட்டாங்க" என்றால் இனி மலைக்கு வரமாட்டார்கள் என்று அர்த்தம். வெளியார் கேட்டால் குழம்பிப் போவார்கள்.

அக்காவின் வீட்டு நிலைமை இது. மூத்த மகளுக்கு அவிசாவளை சீத்தாவாக்கை வலயத்தில் கார்மண்ட் வேலை. விடிவதற்கு முன்னமே கம்பனி பஸ் சந்திக்கு வந்துவிடும், அந்த நேரத்தில் பிள்ளைக்காம்பரா (தோட்டத்துக் குழந்தைகளைப் பார்க்கிற இடம்) திறந்திருக்காது. மகளின் பிள்ளைக்கு ஒன்றரை வயது. இளையவன் மாசியில் ஓ.எல். எழுதப் போகிறான். புருஷனுக்குத் தோட்டத்தில் பேர் இல்லை, நாட்டில்தான் வேலை. (தோட்டத்தைச் சுற்றியிருக்கிற சிங்களக் கிராமங்களை நாங்கள் 'நாடு' என்போம். நாங்கள் எந்த நாட்டில் இருக்கிறோம் என்று சின்ன வயதில் கேட்டு அடி வாங்கியிருக்கிறேன்.) "அம்மா நின்னா நான் நிம்மதியா போய் வருவேன்" என்கிறாள் மகள். "ஒங்க முதுகு வலிக்குப் போதும், நில்லுங்க" என்கிறான் மகன். எல்லாரும் அவர் நிற்க வேண்டும் என்கிறார்கள். நின்றால் என்ன ஆகும் என்று யாரும் கணக்குப் பார்த்துச் சொல்லவில்லை.

கோயில் திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

முதலில் மாத வரும்படி. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு 'ஒரு பேர்' என்று பெயர். செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலைப் பதிவேட்டில், அன்றைக்குப் பேர் விழ வேண்டும். நிறுவையில் குறைந்தால் அரைப்பேர். முந்தின மாதம் அக்காவுக்கு விழுந்தது 18 பேர். 1,350 ரூபாய்ப்படி 24,300. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், 1,944 ரூபாய் போனால் 22,356. அதற்குப் பிறகு சங்கச் சந்தா, கோயில் கணக்கு, தீபாவளி முற்பணம், தேயிலைத் தூள் என்று கழிவு நீளும். கையில் வருவதைச் சொல்ல அக்காவுக்கு வெட்கம், நானும் கேட்கவில்லை.

இந்த 1,350 வந்த கதையும் சின்னதல்ல. 1984 வரை ஒரே மலையில் ஒரே வேலைக்குப் பெண்ணுக்குக் குறைவு, ஆணுக்குக் கூட. 2021இல்தான் 1,000 ரூபாய் ஆனது. 2024 மே தினத்தில் 1,700 என்று மேடையில் சொன்னார்கள், செப்டெம்பரில் 1,350இல் வந்து நின்றது. சம்பளம் கூடும் ஒவ்வொரு தடவையும் கூடையில் கேட்கிற கிலோவும் கூடியதைப் பெண்களின் முதுகு அறியும்.

மகள் பக்கம் பார்ப்போம். தேசிய ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ஆக உயர்ந்தது, 2026 சனவரியிலிருந்து 30,000. ஓவர்டைம் வேறு. ஆக, அந்த நவம்பர்ச் சம்பளங்களில் அம்மா நின்று பேரனைப் பார்த்தால் 22,356 போகிறது, மகளின் 27,000இல் அதே 8 சதவீதம் கழித்தாலும் அதைவிடக் கூட நிலைக்கிறது. குடும்பத்துக்கு லாபம். மகள் போட்ட கணக்கும் இதுதான், பிழையில்லை.

அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மகக் காசு மகக் காசுதானே டீச்சர்" என்றார். "வெத்தலைக்கும் அவகிட்டத்தான் கேக்கணும்."

ஒரு குடும்பம் ஒரே உண்டியல் என்று எண்ணிக் கணக்குப் போடுகிறவர்கள் அந்த உண்டியலின் திறப்பு யார் இடுப்பில் என்று பார்ப்பதில்லை. சம்பள நாளில் பெண்சாதியின் காசைப் புருஷன் வாங்கிப் போவது பல தோட்டங்களில் நீண்ட நாள் வழக்கமாக இருந்தது. அதிலிருந்து மீண்டு தன் காசைத் தன் கையால் வாங்கிய தலைமுறை இந்த அக்காவுடையது. ஐம்பது வயதில் அதை மகளுக்காக விடு என்கிறோம். பேரன் மேல் ஆசை இல்லாமலா? பேச்சுக்கு நடுவில் அவனுடைய மூக்கை நாலு தடவை துடைத்துவிட்டார்.

அடுத்தது சர்வீஸ் காசு. இந்த இடத்தில்தான் அவருக்குக் கண் விரிந்தது. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடமாவது வேலை செய்து நிற்கிற நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு சேவை வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். அந்தந்த வருடத்துச் சம்பளம் கணக்கில் வராது. கடைசியாக வாங்கிய சம்பளம்தான். அக்கா 1994இல் பதினெட்டு வயதில் பேர் பதிந்தவர். 31 வருடம். 1,350 ரூபாய்ச் சம்பளத்தில் நின்றால் 5,85,900. சொன்னபடி 1,550 ஆகி, அந்தச் சம்பளத்தை வாங்கிய பிறகு நின்றால் 6,72,700. வித்தியாசம் 86,800 ரூபாய். தீபாவளிக்கு முன்னமே நிற்கச் சொன்ன மகனை அக்கா நினைத்திருக்க வேண்டும், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சேமலாப நிதி வேறு கதை. தொழிலாளி 8, கம்பனி 12, ஆக மாதச் சம்பளத்தில் 20 சதவீதம் சேருகிறது. நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குக் கம்பனி இன்னொரு 3. பெண் 50 வயதிலும் ஆண் 55 வயதிலும் வேலையை விட்டு நின்று அதை எடுக்கலாம். 2021இல் வந்த சட்டமோ தனியார் துறையில் ஆகக் குறைந்த ஓய்வு வயதை 60 ஆக்கியது. அதாவது ஒரு சட்டம் ஐம்பதில் காசைக் காட்டிப் போகலாம் என்கிறது, இன்னொன்று அறுபது வரை இருக்கலாம் என்கிறது. தோட்டத்துப் பெண்ணுக்கு நடுவயது என்றால் இந்தப் பத்து வருடம்தான். ஓய்வூதியம் கிடையாது. எடுத்த காசு மகளின் கல்யாணக் கடனுக்கும் கூரைத் தகரத்துக்கும் போய், அதே பெண் அதே மலைக்குக் கைக்காசுக்கு, கிலோ கணக்கில் கொழுந்தெடுக்க வருவதை நான் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். கைக்காசில் சேமலாப நிதியும் இல்லை, பணிக்கொடையும் இல்லை.

வெளிநாட்டுப் பேச்சும் வந்தது. பக்கத்துக் காம்பராக்காரி குவைத்தில். அதற்குள் அதிகம் போக வேண்டாம். வீட்டுவேலைக்குப் போன மூதூர்ப் பிள்ளை ரிசானா நபீக்கை 2013 சனவரியில் சவூதியில் மரண தண்டனை கொடுத்துக் கொன்றார்கள். அதே வருடம் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வீட்டுவேலைக்கு வெளிநாடு போக முடியாது என்று விதி வந்தது. 2022இல் நாட்டில் டொலர் தீர்ந்ததும் அந்த ஐந்து வயது இரண்டாகிவிட்டது. தாய்மேல் அரசாங்கம் வைத்த அக்கறை எவ்வளவென்று இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

இனி என் அம்மா கதை. அம்மா பால் வெட்டினவர். விடியும் முன் டோர்ச் லைட்டோடு ரப்பர் மலைக்குப் போவார். வெயில் ஏறினால் பால் இறங்காது. வெட்டி, சிரட்டையில் நிறைந்ததை வாளியில் சேர்த்து, நிறுத்துக் கொடுத்து, மத்தியானத்துக்குள் வீட்டில் இருப்பார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மா வீட்டில் இருக்கிற பாக்கியம் பால் வெட்டுக்காரியின் பிள்ளைகளுக்குத்தான். கொழுந்துக்காரியின் பிள்ளைகளுக்குக் கிடையாது. மேலெல்லாம் ஒட்டுப்பால் புளித்த வாடை. அந்த மடியில்தான் படித்தேன். மழை நாளில் பால் வெட்டு இல்லை, அன்று பேரும் இல்லை. எங்கள் பக்கத்து மழையோ கேட்டுப் பெய்வதில்லை.

எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்த மாதமே "இனி நீங்க போகக்கூடாது" என்று சொல்லிவிட்டேன். அப்போது அம்மாவுக்கு 52. டீச்சரின் அம்மா வாளி தூக்குவதா என்ற கௌரவம். வெளியே சொன்னது அம்மாவின் உடம்பைப் பற்றி. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, நின்றார். விடியாத நேரத்தில் எழும்பி, அடுப்பை மூட்டி, வாசற்படியில் உட்கார்ந்து மலைக்குப் போகிற டோர்ச் வெளிச்சங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்பா முன்னமே இறந்துவிட்டார். நான் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வாடகை அறையில்.

எட்டு மாதம் கழித்துத்தான் வந்தது கேள்வி: இந்தக் காம்பராவில் யாருடைய பேர் இருக்கிறது?

இதை நகரத்து வாசகருக்கு விளக்க வேண்டும். நாங்கள் குடியிருக்கும் லயக் காம்பரா எங்களுடையதல்ல. 1975இல் அரசாங்கம் எடுத்தபோதும், 1992இல் கம்பனிகளிடம் கொடுத்தபோதும் மக்கள் அதே காம்பராவில்தான் இருந்தார்கள், உறுதி இல்லாமல். நான்கு தலைமுறை குடியிருந்த வீட்டுக்கு நம் கையில் உள்ள ஒரே பத்திரம் செக்ரோலில் இருக்கிற ஒரு பேர். வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் போட வேண்டும் என்பது வழக்கம். எழுத்தில் கேட்டால் காட்டமாட்டார்கள். வேலையா வீடா என்று மற்ற ஊரில் தாய்மார் தராசில் போட்டுப் பார்க்கலாம். எங்கள் ஊரில் வீடு தொங்குவதே வேலையின் கொக்கியில். அம்மாவை வீட்டில் இருக்கச் சொன்ன நான் அந்த வீட்டையே ஆட்டிவிட்டேன். பிறகு சித்தப்பா மகன் ஒருவனுடைய பேரைக் காட்டிச் சமாளித்தோம். அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

2023இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற க்ளோடியா கோல்டின், அமெரிக்காவின் இருநூறு வருடத்துப் பதிவுகளைக் கிளறி ஒரு கோடு வரைந்தார். விவசாய காலத்தில் மணமான பெண்கள் வேலையில் இருந்தார்கள், தொழிற்சாலைகள் வந்ததும் வீட்டுக்குள் போனார்கள், அலுவலக வேலை பெருகியதும் மீண்டும் வெளியே வந்தார்கள். கோடு பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது. எங்களுக்கு அந்தப் பள்ளமே இல்லை. இலங்கைப் பெண்களில் மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் தொழிற்படையில் இருக்கிறார்கள். நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரித்தால் தோட்டத்துப் பெண்ணே முன்னால் நிற்கிறாள். அதனால் 'எங்க அம்மா வேலைக்குப் போறதில்ல' என்பது லயத்தில் கழுத்துச் சங்கிலி மாதிரி ஒரு பெருமை. அம்மாவைக் கேட்காமல் அதை அவர் கழுத்தில் மாட்டுகிறோம்.

மறுபடி திண்ணைக்கு வருகிறேன். அக்காவிடம் காம்பராவைப் பற்றிக் கேட்டேன். "அதத்தான் ராவெல்லாம் யோசிக்கிறேன்" என்றார். "நான் நின்னா யாரு பேரு போடுறது? மக கார்மண்ட்ஸ். அவரு நாட்டுல. அப்ப இவன்தான்." கோயில் மதிலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்த இளையவனைக் கண்ணால் காட்டினார். முதுகு வலிக்குது நில்லுங்க என்று பாசமாகச் சொன்ன பிள்ளை அவன். அம்மா நின்ற இடத்தில் தன் பேர்தான் எழுதப்படும் என்று அவனுக்குத் தெரியவில்லை. அக்கா சொல்லவும் மாட்டார். "அவன் ஏ.எல். முடிக்கிற வரைக்கும் போறேன் டீச்சர். பேரன மக அவ மாமியாகிட்ட விடட்டும். மூணு வருசந்தானே."

முதுகு மூன்று வருடம் தாங்குமா என்று நான் கேட்கவில்லை. அவரும் அந்தக் கணக்கைப் போடச் சொல்லவில்லை.

கிளம்பும்போது அடையாள அட்டையையும் சேமலாப நிதிக் கூற்றையும் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். அட்டையில் ஒரு பேர். கூற்றில், 1994இல் எழுதினவர் காதில் விழுந்த வேறொரு பேர். அப்பன் பேரின் முதலெழுத்தும் மாறிக் கிடந்தது. 31 வருடச் சேமிப்பு, அட்டையில் இல்லாத ஒருத்தியின் பேரில்.

இதைப் படிக்கிற தோட்டத்துப் பிள்ளைகளே, உங்கள் அம்மா நிற்பதா போவதா என்பதை அவரிடம் விடுங்கள். உங்கள் வேலை ஒன்று இருக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சேமலாப நிதிக் கூற்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக வாசியுங்கள். பேர் பிழையாக இருந்தால் அவர் செக்ரோலில் இருக்கும்போதே தோட்டத்து ஒபிசிலும் தொழில் அலுவலகத்திலும் திருத்திவிடுங்கள். நின்ற பிறகு போனால் அலைச்சல் இரட்டிப்பு.

(தொடரும்)