ஜீப்பு ரெடி... பெல்ட் ரெடியா?

'காயல்பட்டினத்துல மாமா வீட்டு ஷெட்ல ஒரு பழைய ஜீப் நிக்குது மச்சி. தூசி தட்டி எடுத்தா தேரிக்காட்டுல பறக்கலாம்!'

உங்க கேங்கில் யாருக்காவது இப்படி ஒரு கனவு இருக்கா? அப்போ இந்தப் பக்கம் உங்களுக்குத்தான். பெயின்ட், பெரிய டயர், அலறுற ஹாரன்னு லிஸ்ட் போடுறதுக்கு முன்னாடி பானெட்டைத் திறங்க. இன்ஜினுக்கு முன்பக்கம் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் தெரியுதா? அதுதான் ஃபேன் பெல்ட். மொத்த ஜீப்பிலேயே விலை குறைஞ்ச சாமான்களில் ஒண்ணு. ஆனா, நடு மணலில் உங்க மானம் தொங்குறது அதில்தான்! எப்படின்னு பார்க்கலாம். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன குதிரைக் கதை.

வாங்கத் தெரியும்... வளர்க்கத் தெரியாது!

13-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, தாமிரபரணிக் கரையோரத்தின் காயல் துறைமுகம் பற்றி எழுதி வெச்சிருக்கார். ஹோர்முஸ், ஏடன்னு தூர தேசத்துத் துறைமுகங்களில் இருந்து குதிரைகள் கப்பலில் வந்து இறங்குமாம். இங்கே இருந்த ராஜாக்கள் ஆளுக்கு வருஷத்துக்கு 2,000-க்கு மேல் வாங்குவாங்களாம். வருஷக் கடைசியில் மிஞ்சுறது 100 கூடத் தேறாதாம்! காரணம், பராமரிக்கத் தெரிஞ்ச ஆள் இல்லை. குதிரைக்கு லாடம் அடிச்சு வைத்தியம் பார்க்கிறவங்களை வியாபாரிகள் கூட்டிட்டு வரவே மாட்டாங்களாம். குதிரை பிழைச்சுட்டா அடுத்த வருஷ வியாபாரம் படுத்துடுமே! போலோ கொஞ்சம் ஊதிச் சொல்லியிருக்கலாம். ஆனா, மேட்டர் புரியுதுல்ல? காசு கொடுத்து வாங்குறது பாதி வேலைதான் பாஸ்.

குதிரைக்குப் பதிலா வந்தவர்

ஜீப் பிறந்தது இரண்டாம் உலகப் போரில். 1941-ல் வில்லிஸ் கம்பெனியின் 'எம்.பி.' மாடல் களம் இறங்கியது. போர் முடியறதுக்குள் வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல் தயாரிச்சுத் தள்ளிட்டாங்க. இந்தியாவில் 1947-ல் மஹிந்திரா இதை மும்பையில் அசெம்பிள் செய்ய ஆரம்பிச்சது. அமெரிக்காவில் 1968-ல் நின்னுபோன 'சி.ஜே.3பி' மாடலின் உருவம், இங்கே அதுக்கப்புறமும் பல வருஷம் ஓடுச்சு. போலீஸ், வனத்துறை, எஸ்டேட், அரசு ஆபீஸ்னு எல்லா இடத்திலும் அதே முகம்தான். அதனாலதான் இன்னிக்கும் ஜீப் தெரிஞ்ச ஒரு மெக்கானிக் அண்ணாச்சியைப் பெரும்பாலான ஊர்களில் கண்டுபிடிச்சுடலாம்.

ஸ்பானருக்கு முன்னாடி ஆர்.சி.!

மாமா வீட்டு வண்டியா இருந்தாலும் முதல் வேலை இதுதான். சேஸ் நம்பரும் இன்ஜின் நம்பரும் ஆர்.சி. புக்கில் இருக்கறதோட ஒத்துப்போகுதா பாருங்க. சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருஷம். அப்புறம் 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும். 'உயரத்தை ஏத்தி, பாடியை வெட்டி கெத்தா மாத்திடலாம்'னு பிளானா? ஸாரி! கம்பெனி கொடுத்த அசல் அமைப்பிலிருந்து மாறிப்போற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2019 ஜனவரியில் தெளிவாச் சொல்லியிருக்கு.

50 வருஷம் தாண்டி, ஒரிஜினலா இருக்கற வண்டிகளுக்கு 2021-ல் தனியா 'விண்டேஜ்' பதிவு வந்தது. நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.'ன்னு எழுத்து வரும். ஆனா, அதை எடுத்துக்கிட்டு தினம் காலேஜுக்கு வர முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்கன்னு போனால் மட்டும்தான் அனுமதி.

உப்புக் காத்து ஜாக்கிரதை

காயல்பட்டினத்தில் ஒரு பக்கம் கடல், பக்கத்திலேயே ஆறுமுகநேரி உப்பளம். இந்தக் காத்துக்கு இரும்புன்னா அல்வா மாதிரி! வெளியே பளபளன்னு இருக்கற பாடியை நம்பாதீங்க. கீழே படுத்து, சின்னச் சுத்தியலால் சேஸைத் தட்டிப் பாருங்க. 'கணீர்'னு கேட்டால் நல்லது. 'சொத்'துன்னு கேட்டால் உள்ளே துரு. கால் வைக்கிற தரைத் தகடு, பட்டா மாட்டுற இடம், பாடியும் சேஸும் சேர்ற இடம், இந்த மூணையும் விடாதீங்க.

துருவுக்கு மேலேயே பட்டி பூசி பெயின்ட் அடிச்சா, சீக்கிரமே கொப்புளம் கொப்புளமா கிளம்பி வந்து சிரிக்கும். கம்பி பிரஷ்ஷால் சுத்தமாத் தேய்க்கணும். அரிச்சுப்போன தகட்டை வெட்டிட்டு புதுசு வெல்டிங் பண்ணணும். அப்புறம்தான் பிரைமர், பெயின்ட் எல்லாம். கடற்கரைப் பக்கம் போயிட்டு வந்தா, நல்ல தண்ணியில் அடிப்பாகத்தைக் கழுவணும்.

வருஷக்கணக்கா நின்ன இன்ஜினை எடுத்ததும் 'ஸ்டார்ட்' பண்ணிடாதீங்க. ஆயிலை மாத்துங்க, டேங்கில் இருக்கற பழைய பெட்ரோலையோ டீசலையோ வடிங்க, இன்ஜின் கையால் சுத்துதான்னு பாருங்க. பிரேக் பிடிக்குதுன்னு உறுதியான பிறகுதான் வண்டி ஷெட்டை விட்டு வெளியே வரணும்.

காத்தே வராத இடத்தில்...

இப்ப பெல்ட் மேட்டருக்கு வருவோம். பழைய ஜீப்பில் இன்ஜின் சுத்துற வேகத்தை வாங்கி மூணு பேருக்குப் பிரிச்சுக் கொடுக்குறது இந்த ஒரே பெல்ட்தான். ஒண்ணு ஃபேன், ரெண்டாவது தண்ணியைச் சுத்த விடுற வாட்டர் பம்ப், மூணாவது பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற டைனமோ (பின்னாடி வந்த வண்டிகளில் ஆல்டர்னேட்டர்).

ஹைவேயில் 60-ல் போகும்போது எதிர்க் காத்தே ரேடியேட்டரைப் பாதி குளிர வெச்சிடும். தேரி மணலில் நிலைமையே வேற. லோ கியரில் இன்ஜின் கத்தும். வண்டி நடந்து போற வேகத்தில் ஊரும். எதிர்க் காத்து கிட்டத்தட்ட ஜீரோ. அங்கே ரேடியேட்டருக்கு ஒரே கதி ஃபேன்தான். அந்த நேரம் பெல்ட் வழுக்கினா ஃபேன் மெதுவாகும், தண்ணி ஓட்டம் குறையும், டெம்பரேச்சர் முள் எகிறும். அப்புறம் நீங்க, மணல், ஒத்தப் பனைமரம்!

எப்படி டைட் பண்றது?

முதலில் இன்ஜினை அணைச்சு, சாவியைப் பாக்கெட்டில் போட்டு, பேட்டரி வயரைக் கழற்றுங்க. ஓடுற பெல்ட்கிட்ட விரலோ, சட்டை நுனியோ, துப்பட்டாவோ போகவே கூடாது. இதில் விளையாட்டே வேணாம் ஃப்ரெண்ட்ஸ், போன விரல் திரும்பி வராது.

பெல்ட்டைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்க. வெடிப்பு, நூல் பிரிஞ்சிருக்கறது, ஆயில் ஊறியிருக்கறது, ஓரம் கண்ணாடி மாதிரி மின்னுறது, இதில் ஏதாவது ஒண்ணு இருந்தாலும் புதுசு போடுங்க. இது 'வி' ஷேப் பெல்ட். புல்லியின் ரெண்டு பக்கச் சுவரையும் கவ்வித்தான் இழுக்கும். தேஞ்சுபோய்ப் பள்ளத்தின் அடியைத் தொட்டுடுச்சுன்னா, எவ்வளவு டைட் வெச்சாலும் வழுக்கும்.

ரெண்டு புல்லிக்கு நடுவில் நீளமான பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்துங்க. சுமார் அரை இஞ்ச் இறங்கினால் பல வண்டிகளுக்குச் சரி. மாடலுக்கு மாடல் இது மாறும். அதனால் உங்க வண்டியின் மேனுவல் சொல்றதுதான் கடைசித் தீர்ப்பு.

லூஸா இருக்கா? டைனமோவைப் பிடிச்சிருக்கற கீழ் போல்ட்டுகளைக் கொஞ்சம் தளர்த்துங்க. மேலே நீளப் பள்ளம் வெட்டின ஒரு பட்டை இருக்கும். அந்த போல்ட்டையும் தளர்த்துங்க. ஒரு மரக்கட்டையை வெச்சு டைனமோவை இன்ஜினை விட்டு வெளிப்பக்கமா நெம்புங்க. அப்படியே பிடிச்சுக்கிட்டு மேல் போல்ட்டை முறுக்கணும், அப்புறம் கீழ் போல்ட்டுகள். திரும்ப விரல் டெஸ்ட். ஒரு நூலை விறைப்பாப் பிடிச்சு, புல்லிகள் ஒரே நேர்க்கோட்டில் இருக்கான்னும் பார்த்துடுங்க.

'இன்னும் கொஞ்சம் டைட் வெச்சா ஸ்ட்ராங்கா இருக்குமே'ன்னு தோணும். அங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. ஓவர் டைட்டானால் வாட்டர் பம்ப், டைனமோ ரெண்டோட பேரிங்கும் சாகும். பெல்ட் காசை மிச்சம் பிடிச்சு பம்ப்புக்கு அழணும்! புது பெல்ட்னா அரை மணி நேரம் ஓட்டிட்டு, இன்ஜின் ஆறினதும் மறுபடி பாருங்க. புதுசு கொஞ்சம் இளகித்தான் உட்காரும்.

பெல்ட் பேசும்... கேளுங்க!

* ஸ்டார்ட் பண்ணதும் 'கீ...ச்'னு சத்தம் வந்தா, பெல்ட் லூஸ் அல்லது தேஞ்சிருக்கு. சோப்பைத் தேய்ச்சு வாயை அடைக்காதீங்க. நோய் அப்படியே இருக்கும்.
* ஹெட்லைட் மங்குது, பேட்டரி அடிக்கடி இறங்குதுன்னா, பேட்டரியை மாத்துறதுக்கு முன்னாடி பெல்ட்டைத் தொட்டுப் பாருங்க.
* டூர் கிளம்பும்போது ஒரு புது பெல்ட்டும், அதுக்கான ஸ்பானரும் வண்டியில் இருக்கட்டும்.
* குதிரைமொழித் தேரி காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாம வண்டியை இறக்காதீங்க.

'எங்கிட்ட ஜீப்பே இல்லையே'ன்னு ஃபீல் பண்றீங்களா? உங்க கியர் இல்லாத ஸ்கூட்டருக்குள்ளேயும் ஒரு பெல்ட்தான் பின் சக்கரத்தைச் சுத்துது. அதை டைட் பண்ண முடியாது. மேனுவல் சொல்ற கிலோமீட்டரில் மாத்தணும். உங்களுது எப்போ மாத்தினதுன்னு ஞாபகம் இருக்கா? இல்லையா? அப்போ இந்தச் சனிக்கிழமை சினிமாவைத் தள்ளிவெச்சுட்டு, மெக்கானிக் அண்ணாச்சி பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காருங்க. அவர் கவரைக் கழற்றும்போது, 'இது எதுக்கு அண்ணாச்சி?'ன்னு கேளுங்க. குதிரை வாங்கின ராஜாக்கள் கேட்காம விட்ட கேள்வி அதுதான்!