படத்தில் சிவக்கும் கண்கள்

நவராத்திரி மாலையில் கொலுவின் முன் குழந்தைகளை நிறுத்திப் படம் எடுத்து, ஊரிலுள்ள தாத்தா பாட்டிக்கு அனுப்பாத இல்லம் நம்மவரிடையே அரிது. பட்டுப் பாவாடை மின்னுகிறது, குத்துவிளக்கு சுடர்விடுகிறது, குழந்தையின் கண்கள் மட்டும் தணலைப் போலச் சிவந்து காணப்படுகின்றன! "திருஷ்டி பட்டுவிட்டது, சுற்றிப் போடு" என்று பாட்டியிடமிருந்து உத்தரவும் வந்துவிடுகிறது. இது திருஷ்டியும் அன்று; காமிராவின் பழுதும் அன்று.

மங்கிய அறையில் கருவிழியின் நடுவிலுள்ள பாவை ஒளியை நாடி அகல விரிந்து நிற்கும். பிளாஷ் திடீரென மின்னும்போது அது சுருங்க அவகாசமில்லை. உட்புகுந்த ஒளி, விழித்திரையையும் அதன் பின்னே இரத்த நாளங்கள் செறிந்த படலத்தையும் அடைந்து, குருதியின் செந்நிறம் ஏற்று, வந்த வழியே திரும்புகிறது. பிளாஷ் லென்ஸுக்கு மிக அருகில் இருந்தால், திரும்பும் ஒளி நேரே லென்ஸினுள் புகுந்துவிடும். முற்காலத்தில் பிளாஷைக் காமிராவுக்குப் பக்கவாட்டில் தள்ளிப் பொருத்துவார்கள். ஆதலின் இத்தொல்லை குறைவு. (கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பு ஏது என்பீர்கள், அதுவும் உண்மையே.) 1975இல் ஜப்பானியக் கொனிக்கா நிறுவனம் பிளாஷைத் தன்னுள்ளேயே கொண்ட சிறு காமிராவை வெளியிட்டது. அத்தகையவை பெருகப் பெருக, சிவந்த கண்களும் பெருகின.

தடுக்கும் வழி எளிது. அறையின் விளக்குகளையெல்லாம் ஏற்றிவிடுங்கள். பாவை தானே சுருங்கும். பிளாஷ் தனியாக இருப்பின் வெண்ணிறக் கூரையை நோக்கித் திருப்புங்கள். குழந்தையைச் சற்றே பக்கம் பார்க்கச் சொல்லலாம். சில காமிராக்கள் முன்னதாகவே ஓரிரு முறை மின்னிப் பாவையைச் சுருக்கும். ஆனால் முதல் மின்னலிலேயே படம் முடிந்ததென்று குழந்தைகள் ஓடிவிடுவார்கள்! பகலில் சாளரத்தருகே பிளாஷ் இன்றி எடுப்பதே யாவற்றினும் மேல்.

இக்காலத்துக் கைபேசிகள் சிலவற்றில் அச்செம்மையைத் தாமே துடைத்துவிடும் வசதி உண்டு. இங்கேதான் பெற்றோர் விழிப்பாக இருத்தல் வேண்டும். இரு கண்களும் ஒன்றுபோலச் சிவந்திருந்தால் பெரும்பாலும் அச்சமில்லை. ஒளி தடையின்றிப் பின்புறம் சென்று மீள்கிறது என்பதே பொருள். ஒரு கண் சிவந்து, மற்றொன்று வெண்மையாகவோ மஞ்சளாகவோ பூனைக் கண்போல ஒளிர்ந்தால் அதனைத் துடைத்து மறைக்கலாகாது. குழந்தை பார்த்த கோணத்தால், பார்வை நரம்பு தொடங்கும் இடம் அவ்வாறு தோன்றியிருக்கலாம். கண்புரையாக இருக்கலாம். ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் விழித்திரைப் புற்றுநோயாகவும் இருக்கலாம். அரிதான அந்நோய் பெரும்பாலும் ஐந்து வயதுக்குள்ளேயே தோன்றுவது. குழந்தை வலியென்று சொல்லாது. மற்றைக் கண்ணால் பார்த்து வழக்கம்போல ஆடிப்பாடும். தொடக்கத்திலேயே கண்டால் உயிரைக் காக்கலாம். பல வேளைகளில் கண்ணையும் காக்கலாம்.

கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும்போது காட்டிக்கொள்ளலாம் என்று நாள் கடத்துவது நம் குடும்பங்களில் வழக்கம். இதில் அவ்வழக்கம் ஆகாது. இருக்கும் ஊரிலேயே கண் மருத்துவரிடம் சில நாட்களுக்குள் காட்டுங்கள். தில்லியில் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் இராஜேந்திர பிரசாத் கண் மையத்திலும், ஐதராபாத்தில் எல். வி. பிரசாத் கண் மருத்துவ நிலையத்திலும் இந்நோய்க்குச் சிகிச்சை உண்டு.

செல்லும்போது திருத்தாத மூலப்படத்தையே கொண்டு செல்லுங்கள். கைபேசியின் முன்புறக் காமிராவில் எடுத்த படமாயின் இடவலம் மாறியிருக்கக்கூடும். எந்தக் கண் என்பதை மருத்துவரிடம் சொல்லுமுன் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.